குஞ்சம் தொங்கும் பேடு: ஆண் சாயல் கொண்ட வான்கோழிகள் குஞ்சு பொரிப்பது எப்படி?

களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கமாக உள்ள வளவொன்றில் என் உறவுக்கார மாமி ஒருவர் பல ஆண்டுகளாக வான்கோழி வளர்த்து வருகிறார். நத்தாருக்கு விற்பதற்காகவே வளர்ப்பது என்பதால், மார்கழி முடியும்போது கூட்டில் சேவல் மிஞ்சுவது அரிது. இம்முறையும் ஒரே சேவலை மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் குடும்பம் ஒன்று நத்தாருக்கு வாங்கிச் சென்றுவிட்டது. அதற்குப் பிறகு, தை மாதத்தில், மாமி என்னை அழைத்து அடைகிடந்த பேடு ஒன்றைக் காட்டினார். அதன் நெஞ்சில் நான்கு விரற்கடை நீளத்தில், கறுத்து விறைத்த குஞ்சம் ஒன்று தொங்கியது. வழக்கமாகச் சேவலுக்கு மட்டுமே உரியது என்று எண்ணப்படும் குஞ்சம் அது. அயலவர்களின் கருத்து ஏற்கெனவே முடிவாகியிருந்தது. "மனே, இது பேடா சேவலா எண்டு பார்த்துச் சொல்லு. ரெண்டும் கெட்டது, வளவுக்கு ஆகாது, அறுத்துப் போடு எண்டு எல்லாரும் சொல்லுதுகள்" என்றார் மாமி. சேவல் போன பின் இட்ட முட்டைகள்மேல் அது குந்தியிருந்ததால், அவை கூழ்முட்டைகளாகத்தான் போகும் என்றும், பொரித்தால் அந்தப் பேடே தாயும் தகப்பனுமாக இருக்கும் என்றும் இரு வேறு பேச்சுகளும் ஊரில் உலவின.

பேட்டின் உடலில் ஆண் சாயல் எப்படி வருகிறது என்பதும், அப்படிச் சாயல் வந்த பேட்டால் இனம் பெருக்க முடியுமா என்பதும் வெவ்வேறான வினாக்கள். ஊரார் இவ்விரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள். வான்கோழியின் தாயகமான வட அமெரிக்காவிலும் காட்டு வான்கோழிப் பேடுகளைப் பற்றி இதே முடிச்சு நெடுங்காலமாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

காட்டு வான்கோழி இனத்தில் ஆணும் பெண்ணும் தூரத்திலேயே வேறுபட்டுத் தெரியும். வளர்ந்த சேவல் பெரும்பாலும் 7 முதல் 11 கிலோ வரை எடையுள்ளது. பேடு 3 முதல் 5 கிலோ வரைதான். சேவலின் தலை மொட்டையாக, சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக நிறம் மாறிக்கொண்டிருக்கும். மூக்கின்மேல் நீண்ட தசை ஒன்று தொங்கும். காலில் முள் வளரும். பேட்டின் தலை சாம்பல் கலந்த நீல நிறத்தில், மெல்லிய சிற்றிறகுகள் படர்ந்து காணப்படும். நெஞ்சிறகின் நுனி சேவலுக்குக் கறுப்பு, பேட்டுக்கு இளம் பழுப்பு. எல்லாவற்றிலும் முதலில் கண்ணில் படுவது நெஞ்சுக்குஞ்சம். மயிர்போலத் தோன்றினாலும் அது மயிரன்று. இறகின் வேறுபட்ட வடிவமான, கிளைவிரியாத விறைத்த இழைகளின் கற்றை அது. மற்ற இறகுகளைப்போல அது உதிர்ந்து மறுபடி முளைப்பதில்லை. ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீற்றர் என்ற அளவில் வளர்ந்துகொண்டே போகும். இரை பொறுக்கும்போது நுனி தரையில் உரசித் தேய்வதால் ஒரு நீளத்துக்கு மேல் போகாது. இந்தக் குஞ்சத்தால் பறவைக்கு ஒரு பயனும் இருப்பதாகத் தெரியவில்லை, அழகென்றும் சொல்ல முடியாது, வீட்டு வளர்ப்பில் தோன்றியிருந்தால் இதை ஊனம் என்றே அழைத்திருப்போம் என்ற பொருளில் டார்வின் 1859இல் எழுதினார். பேடுகள் சோடியைத் தெரிவு செய்யும்போது கவனிப்பது மூக்கின்மேல் தொங்கும் தசையின் நீளத்தை என்று பின்னாளில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின.

காட்டுப் பேடுகளில் ஒரு சிறு பகுதிக்கும் இந்தக் குஞ்சம் வளர்கிறது. எத்தனைக்கு என்பது கூட்டத்துக்குக் கூட்டம் பெரிதும் மாறுபடும். சில இடங்களில் நூற்றுக்கு ஓரிரண்டு. வேறு சில இடங்களில் பத்தையும் தாண்டும். பேட்டின் குஞ்சம் மெலிந்தது, குறுகியது. கால்முள் வளர்ந்த பேடு இதைவிட மிக அரிது. சேவலைப்போலக் கொக்கரிக்கும் பேடு அதனினும் அரிது. குஞ்சமுள்ள பேடுகளை அருகிலிருந்து பார்த்தால் உடல் அளவும், தலையின் நீலச் சாம்பலும், நெஞ்சிறகின் பழுப்பு நுனியும் மற்றப் பேடுகளுக்கு இருப்பதுபோலவே இருக்கும். குஞ்சம் ஒன்றுதான் மிகை.

அமெரிக்காவில் இது வெறும் விலங்கியல் விநோதமாக இல்லாமல் சட்டப் பிரச்சினையாகவும் ஆனதற்குக் காரணம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டையாலும் காடழிப்பாலும் அருகிப்போயிருந்த அந்தப் பறவையை, ஓரிடத்தில் வலைவீசிப் பிடித்து இன்னோரிடத்தில் விட்டு, வேட்டைக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்துத்தான் மீட்டெடுத்தார்கள். வசந்தகாலம் பேடுகள் அடைகிடக்கும் காலம் என்பதால் அப்போது சேவலை மட்டுமே சுடலாம் என்பது அக்கட்டுப்பாடுகளில் ஒன்று. ஒரு சேவல் பல பேடுகளோடு சேரும் இனம் ஆகையால் சில சேவல்கள் குறைந்தாலும் குஞ்சுத்தொகை குறையாது என்ற கணக்கு அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் வேட்டைக்காரர் தூரத்திலிருந்து ஆண் பெண் பார்ப்பதற்கு எளிய அடையாளம் வேண்டும் என்பதால், பல மாநிலங்கள் தமது விதியில் ஆண் என்று எழுதாமல் 'குஞ்சமுள்ள பறவை' என்று எழுதிவிட்டன. அதன்படி குஞ்சமுள்ள பேட்டைச் சுடுவதும் குற்றமாகாது. அதே மாநிலங்களின் வனவிலங்கு அதிகாரிகள், சட்டம் இடங்கொடுத்தாலும் அவற்றைச் சுடாமல் விடுங்கள், அவை முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பவை என்று வேட்டைக்காரரைக் கேட்டுக்கொள்கிறார்கள். அடையாளத்தைச் சட்டமாக எழுதிவிட்டு, அந்த அடையாளத்தை நம்பாதே என்று வேண்டிக்கொள்வது சற்று விசித்திரமான ஏற்பாடுதான்.

அந்த வேண்டுகோளுக்கு ஆதாரம் வலுவானது. குஞ்சமுள்ள பேடுகள் சேவலோடு சேர்கின்றன. தரையில் சருகைக் கிளறிக் குழியாக்கி, பெரும்பாலும் நாளுக்கு ஒன்றாக, 10 முதல் 12 வரை முட்டை இடுகின்றன. 28 நாட்கள் அடைகாக்கின்றன. பொரித்த குஞ்சுகள் பறந்து மரக்கிளையில் அடையும் வரை இரண்டு கிழமைபோலத் தரையிலேயே சிறகுக்குள் வைத்து உறங்குகின்றன. காட்டு வான்கோழியின் வாழ்வு அபாயம் நிறைந்தது. கூடுகளில் பாதியளவு பொரிக்குமுன்னரே கொள்ளை போகும். பொரித்த குஞ்சுகளிலும் பெரும்பகுதி முதல் இரண்டு கிழமைகளுக்குள் இறந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில், அடையில் குந்தியிருக்கும் பேடு ஒன்றைக் குஞ்சத்தைப் பார்த்துச் சேவல் என்று எடுத்துவிடுவது ஒரு கூட்டையே எடுப்பதாகும்.

முட்டையிடுகிறது என்ற ஒரு செய்தியிலிருந்தே உடலுக்குள் நடப்பதைப் பற்றி நிறைய அறியலாம். மஞ்சட்கருவுக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் சூலகத்தில் உருவாவதில்லை. அவை ஈரலில் உருவாகிக் குருதிவழியே சூலகத்துக்குப் போகின்றன. ஈரலை அந்த வேலைக்கு ஏவுவது சூலகம் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்னும் பெண் ஓமோன். ஓட்டுக்கு வேண்டிய கல்சியத்தை எலும்பின் உட்பகுதியில் சேமித்து வைக்கச் செய்வதிலும் அதற்குப் பங்குண்டு. ஆகவே மஞ்சட்கருவும் ஓடும் கொண்ட முழு முட்டையைத் தொடர்ந்து இடும் எந்தப் பறவையின் உடலிலும் ஈஸ்திரோஜன் போதியளவு ஓடிக்கொண்டிருக்கிறது. நெஞ்சில் குஞ்சம் தொங்கினாலும் இதில் மாற்றமில்லை. பெண் ஓமோன் குறைந்ததால்தான் குஞ்சம் வந்தது என்ற விளக்கம், முட்டையிடும் பேட்டைப் பொறுத்தவரை பொருந்தாது.

இங்கே பறவைகளின் உடலில் ஆண் அடையாளங்கள் உருவாகும் விதத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோழி, மயில், பெசன்ட், வான்கோழி ஆகியவை அடங்கிய குடும்பத்தில், நம் ஊகத்துக்கு எதிராக, ஆணின் இறகுக்கோலமே அடிப்படையானது. சேவற்குஞ்சின் விதையை நீக்கிவிட்டாலும் அது சேவலின் பளபளப்பான இறகோடும் காலில் முள்ளோடும்தான் வளரும். ஆனால் கொண்டை சிறுத்து வெளிறிப்போகும், கூவுவதும் நின்றுவிடும். 1849இல் ஜேர்மனியின் கொற்றிங்கன் நகரில் பேர்தோல்ட் என்பவர், விதை நீக்கிய சேவல்களின் வயிற்றுக்குள் விதையை மீள வைத்துப் பார்த்தபோது அவை மீண்டும் கொண்டை சிவந்து கூவி, சண்டை பிடித்தன. குருதியில் கலந்து செல்லும் ஏதோ ஒன்று இதைச் செய்கிறது என்ற எண்ணம் வேரூன்ற அந்தச் சோதனை வழி செய்தது. பேட்டின் சூலகத்தை நீக்கினால் நடப்பது வேறு: அடுத்த முறை இறகு உதிர்த்து முளைக்கும்போது சேவலின் கோலம் வெளிப்படும், காலில் முள்ளும் வளரும். அதாவது பேட்டின் மங்கிய இறகு ஈஸ்திரோஜன் போட்டிருக்கும் போர்வை. எதிர்மறையாகவும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செப்ரைட் என்னும் சிறிய ஆங்கிலக் கோழியினத்தில் சேவலும் பேட்டின் இறகோடுதான் இருக்கும். ஆண் ஓமோனை ஈஸ்திரோஜனாக மாற்றும் நொதியம் அதன் தோலிலேயே மிகுதியாக வேலை செய்வதே காரணம். ஆயினும் அந்தச் சேவல் குஞ்சுகளுக்குத் தகப்பனாவதில் குறையில்லை.

ஆகவே இறகு ஒரு கயிற்றிலும், கொண்டையும் குரலும் இன்னொரு கயிற்றிலும், முட்டை மூன்றாவது கயிற்றிலும் கட்டப்பட்டிருக்கின்றன; ஒன்றை இழுத்தால் மற்றவை தானாக வர வேண்டிய கட்டாயம் இல்லை. நம் வீடுகளில் கோழி வளர்ப்போர் இதை அன்றாடம் பார்த்தும் பெயர் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். முதன்முறை முட்டையிடப் போகும் இளம்பேட்டின் கொண்டை சிவந்து பெருப்பதை வைத்து, இன்னும் ஓரிரு கிழமையில் முட்டை இடும் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சரியாகச் சொல்வார்கள். அந்தச் சிவப்பு, சூலகமே சுரக்கும் ஆண் வகை ஓமோனால் வருவது. ஆண் ஓமோன் சிறிதளவேனும் ஓடாத பேடு இல்லை.

இனி, ஊராரின் அச்சத்துக்கு உண்மையிலேயே காரணமான மற்ற வகைப் பேட்டுக்கு வரலாம். 'பேடு கூவினால் குடிக்கு ஆகாது' என்று எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். இவ்வாறு கூவத் தொடங்கும் கோழி பெரும்பாலும் வயதானது அல்லது நோயுற்றது. பறவைப் பேட்டுக்கு இடப்பக்கச் சூலகம் ஒன்றுதான் வேலை செய்யும். வலப்பக்கத்தில் உள்ளது கருவிலேயே வளராமல் ஒடுங்கிவிடும். இடப்பக்கச் சூலகத்தில் கட்டியோ தொற்றோ வந்து அது பழுதானால், ஈஸ்திரோஜன் வற்றும். வலப்பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்த திசு விதைபோல வளர்ந்து ஆண் ஓமோன் சுரக்கவும் கூடும். அப்போது கொண்டை பெருக்கும், கால்முள் வளரும், இறகு மாறும், குரலும் மாறும், முட்டை நின்றுவிடும். குஞ்சமுள்ள வான்கோழிப் பேட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அதில் ஓர் அடையாளம் இளமையிலிருந்தே உடன் வளர்கிறது, இதில் முன்பு முட்டையிட்டுக்கொண்டிருந்த பறவையின் முழுக்கோலமும் நடுவழியில் மாறுகிறது. ஆனால் கூவுவது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. சேவல் இல்லாத கூட்டில் தலைமைக்கு வந்த பேடு, சூலகம் நலமாக இருக்கும்போதே இடையிடையே கூவிவிட்டு மறுநாள் முட்டையும் இடுவதுண்டு.

இந்த மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டிய பறவை நமக்கு நன்கு பழக்கமான மயில். அம்பாறை மாவட்டத்தில் லாகுகலை, பாணமைப் பக்கம் வயலோரம் போகும் எவரும் மயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. இங்கிலாந்தில் ஒரு சீமாட்டி வளர்த்த பெண்மயில், எட்டு முறை குஞ்சு பொரித்தபின், சுமார் 11 வயதில் இறகு உதிர்த்தபோது ஆண்மயிலின் தோகையோடு எழுந்து நின்றது. அடுத்த ஆண்டுகளிலும் அதே தோகை முளைத்தது, காலில் முள்ளும் வந்தது. மாறிய பின் அது ஒருமுறையேனும் குஞ்சு பொரிக்கவில்லை. அறுவை மருத்துவர் ஜோன் ஹண்டர் இதை 1780இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் ஏட்டில் எழுதினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வெளி வேறுபாடுகள் வயதோடும் உறுப்புகளின் நிலையோடும் மாறக்கூடியவை என்பதை ஓமோன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் அவர் கண்டுகொண்டார். பழந்தமிழ் இலக்கணமும் மயிலிடத்தில் சற்றுத் தயங்கி நின்றிருக்கிறது. சிறகுள்ள பறவைகளின் ஆணுக்கெல்லாம் 'சேவல்' என்ற பெயரைப் பொதுவாக வழங்கிவிட்டு, மயிலுக்கு மட்டும் அதை விலக்கினார்கள். தோகையோடு பெண் சாயலாக இருப்பதால் ஆண்மயிலுக்கு அப்பெயர் பொருந்தாது என்று உரையாசிரியர் காரணமும் சொன்னார். நம் இலக்கணத்தின் கண்ணுக்குத் தோகை பெண்மையாகப் பட்டது. உடலியலின்படி அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான அடிக்கோலம்.

இத்தகைய பறவைகளிடம் ஐரோப்பியர் நம்மவரைவிடப் பொறுமையாக நடந்துகொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முட்டையிட்டதாகச் சொல்லப்பட்ட சேவல் ஒன்றை வழக்கு விசாரித்துத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். அது சேவற்கோலம் பூண்ட பேடாக இருந்திருக்கும் என்பதே இன்று தோன்றும் விளக்கம். முழுமையாக மாறி மறுபாலின் வேலையையும் செய்த பறவை பற்றிய பதிவு மிக மிக அரிது. எடின்பரோவைச் சேர்ந்த குரூ என்ற ஆய்வாளர் 1923இல், முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பேடு ஒன்று பின்னர் சேவலாகி 2 குஞ்சுகளுக்குத் தகப்பனானதாக எழுதினார். அதன் சூலகத்தைக் காசநோய் அழித்திருந்தது. நூறாண்டாக எல்லாரும் இந்த ஒன்றையே மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டுவதிலிருந்து அதன் அருமையை உணரலாம்.

ஓமோனால் எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. நம்மில் ஆணுக்கு இருவேறு பால் நிறமூர்த்தங்கள். பறவைகளில் பெண்ணுக்குத்தான் இருவேறு. சேவலுக்கு இரண்டு இசட், பேட்டுக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும். 2010இல் எடின்பரோவுக்கு அருகிலுள்ள ரொஸ்லின் நிலையத்தினர், ஒருபக்கம் சேவலாகவும் மறுபக்கம் பேடாகவும் இருந்த கோழிகளை ஆராய்ந்து, ஒரே குருதி ஓடியும் ஒவ்வொரு பக்கத்துக் கலங்களும் தத்தம் பாலை விடாமல் வைத்திருப்பதைக் காட்டினார்கள். கோலம் மாறிய பேட்டின் கலங்களும் அவ்வாறே இறுதிவரை பேட்டின் கலங்கள்தான்.

மாமியின் வளவுக்குத் திரும்புகிறேன். சேவல் போன பின் இட்ட முட்டை பொரிக்குமா என்பதுதான் அங்கு எஞ்சியிருந்த வினா. வான்கோழிப் பேட்டின் கருவழியில், கருப்பையும் யோனியும் சந்திக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத சிறு குழாய்கள் உண்டு. சேவலின் விந்து அவற்றுள் தங்கி, சிறிது சிறிதாக வெளிப்பட்டு, ஒவ்வொரு முட்டையாகக் கருக்கட்டும். நாட்டுக்கோழியில் இந்தச் சேமிப்பு இரண்டு மூன்று கிழமை தாங்கும்; வான்கோழியிலோ ஒருமுறை சேர்ந்தால் எட்டு, பத்துக் கிழமை வரையும் கருவுள்ள முட்டை கிடைக்கலாம். நத்தாருக்குச் சேவலை விற்றபின் தையில் இட்ட முட்டையில் உயிர் இருந்ததற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

தகப்பனே இல்லாமல் வான்கோழி முட்டையில் கரு வளர்வது கட்டுக்கதையன்று என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும். 1950களில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் ஒல்சன் என்பவர், சேவலையே காணாத பேடுகள் இட்ட முட்டைகளில் கரு வளர்வதைக் கண்டறிந்தார். பெரும்பாலானவை தொடக்கத்திலேயே நின்றுவிட்டன. மிகச் சிலவே பொரித்தன. பொரித்தவை அனைத்தும் சேவல்கள். தாயின் ஒற்றைத் தொகுதி நிறமூர்த்தங்கள் இரட்டித்தால் இரண்டு இசட் அல்லது இரண்டு டபிள்யூ வரும். இரண்டு டபிள்யூ கொண்ட கரு பிழைப்பதில்லை. இது குஞ்சமில்லாத சாதாரணப் பேடுகளில் கண்ட செய்தி. ஆண் சாயலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அன்றியும், இவ்வழியில் ஓர் அடையில் பல குஞ்சுகள் ஒன்றாகப் பொரிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை.

வளவில் குஞ்சமுள்ள பேட்டைக் காண்பவர்களுக்கு நான் சொல்வது மிகக் கொஞ்சம். முதலில் நெஞ்சிறகின் நுனியைப் பாருங்கள்: பழுப்பாக இருந்தால் ஈஸ்திரோஜன் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பின்னர் அது முட்டையிடுகிறதா என்று பாருங்கள். இறகு முழுவதும் கறுத்து, முட்டையும் நின்று, வயதும் ஏறியிருந்தால் அதன் சூலகம் பழுதாகியிருக்கலாம். அதற்காக வீட்டுக்கு ஒரு தீங்கும் வரப்போவதில்லை.

மாமியின் பேடு வைத்த 12 முட்டையில் 9 பொரித்தன. ஒன்றைக் கீரி கொண்டுபோனது, இன்னொன்று மழையில் நனைந்து செத்தது. மற்ற ஏழில் எத்தனை பேடு, அவற்றில் எதற்காவது குஞ்சம் வருமா என்று அறிய இன்னும் சில மாதம் செல்லும். அறுக்கச் சொன்ன அயல்வீட்டு அக்கா இப்போது இரண்டு குஞ்சுக்கு முற்பணம் கொடுத்திருக்கிறார், குஞ்சம் வராத பேடாகப் பார்த்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.